பின்சீட்டு மணிக்கான காரணம்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு மரியாதையாக இருக்காது.

பழைய கார்களுக்கான சங்கம் ஒன்று கொடுத்த படிவம். எட்டுப் பக்கம். என்ஜின் எண், சக்கரத்தின் அளவு, பெயிண்டின் நிறம் என்று ஆறு பக்கங்களை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டேன். ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டம். 'தயாரிப்பாளர் பொருத்தாத பாகம் ஏதேனும் இருப்பின்: யார், எப்போது, என்ன காரணத்துக்காகப் பொருத்தினார்?' கீழே நான்கு வரிக்கு இடம். அங்கே பேனா நின்றது. மூன்று வாரமாக நிற்கிறது. நான்கு வரிக்குள் அடங்காதது வெள்ளைத்தாளுக்கு வந்தது. தாள் ஒன்று பதினாலாயிற்று. இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

படிவத்தில் 'நான்' என்ற சொல்லே இல்லை. 'உரிமையாளர்' என்றுதான் இருக்கிறது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆகவே இங்கேயும் உரிமையாளர்தான் வருவார். முதுகு வளையாமல் நிற்பார். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருப்பார். வயது எழுபத்தாறு. எனக்கும் அதே வயது என்பதை யாரும் பெரிதுபடுத்த வேண்டாம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. உரிமையாளருக்கு ஒரு தங்கச்சி. மூன்று வயது இளையவள், பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். தன்னைப் பற்றி எழுதுகிறான் என்று தெரிந்ததும், தான் படிக்காமல் ஒரு பக்கமும் வெளியே போகக்கூடாது என்றாள். ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள், அதை அழிக்கக்கூடாது. உரிமையாளர் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் எழுதியது.

[பெருந்தன்மையாவது ஒண்ணாவது. மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, நாலாவது நாள் கொண்டுவந்து நீட்டினான்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'காலை வெளிச்சத்தில் அந்தக் கரும்பச்சை உடல் ஒரு—'

ஒரு என்ன? அரை மணி நேரம் யோசித்தேன். அந்த வண்டி அந்த வண்டியைப் போலத்தான் இருக்கிறது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: 'எங்கள் குடும்பத்தின் கௌரவம் நான்கு சக்கரங்களின் மேல்—'

[ஸ்டெப்னி ரெண்டு இருக்கு. ஆறு.]

அதையும் விட்டேன். இருப்பதை இருக்கிறபடி சொல்வதே உத்தமம்.

அதன் பானட் மேலே தூக்குகிற மூடி இல்லை. நடுவில் கீல் வைத்து, இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திறக்கும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் வண்டி கிளம்பிப் பறந்துவிடும் போலிருக்கும். முன்கதவும் பின்கதவும் ஒன்றுக்கொன்று எதிராகத் திறக்கும். மூடும்போது இரண்டும் நடுத்தூணில் வந்து கைகோத்துக்கொள்ளும். அந்தத் தூணில் ஒரு பிளவு. திரும்ப வேண்டிய பக்கத்தில் அதிலிருந்து ஒரு சாண் நீளக் கை ஆரஞ்சு வெளிச்சத்தோடு வெளியே வரும். திரும்பி முடித்த பிறகு தானாக உள்ளே போகாது. தூணை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஆக்சிலேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். வண்டியை இரவல் கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் உரிமையாளர் இதைத்தான் முதலில் சொல்வார். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

இதைச் செய்தவர்களுக்குப் பின்சீட்டில் உட்காருபவர்தான் மனிதர். அங்கே கம்பளித் துணி, கைக்குத் திண்டு, காலுக்கு மடக்குப் பலகை. கதவோரம் குடை வைக்க ஒரு குழல். குடையிலிருந்து வடியும் தண்ணீர் தெருவுக்குப் போக அதன் அடியில் மிளகு அளவில் ஒரு துளை. அந்தத் துளையைக் காட்டும்போதெல்லாம் உரிமையாளரின் குரல் கொஞ்சம் தாழும். குடை சொட்டும் என்பதை ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான், பாருங்கள்.

முன்சீட்டுக்கு வெறும் தோல். மழையில் நனைந்து வந்து உட்காருகிறவன் சம்பளக்கார டிரைவர்; துடைத்துவிட்டால் போதும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு சீட்டுக்கும் நடுவே ஏற்றி இறக்கும் கண்ணாடித் தடுப்பு. அதைச் சுற்றும் கைப்பிடி பின்பக்கம் மட்டும் இருக்கிறது. பின்னால் பேசுவதை டிரைவர் கேட்கலாமா கூடாதா என்பதை முதலாளி முடிவுசெய்வார்.

உரிமையாளரின் அப்பா இந்த வண்டியை வாங்கியபோது அதற்குப் பத்து வயது. டிரைவர் வைத்துக்கொள்ள வசதி இருந்தும் வைத்துக்கொள்ளவில்லை. தன் வண்டியை இன்னொருவன் ஓட்டுவதா என்று தோல்சீட்டில் தானே உட்கார்ந்தார். அதனால் அம்மா கம்பளிச் சீட்டில் முதலாளியாக உட்கார்ந்தாள். கண்ணாடியின் கைப்பிடியும் அவள் கைக்குப் போயிற்று.

[அம்மா அதை நல்லா உபயோகப்படுத்திக்கிட்டா. அப்பா பேச ஆரம்பிச்சா ரெண்டு சுத்து. ரொம்பப் பேசினா நாலு சுத்து.]

இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

3

சங்கத்தின் பரிசோதகர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. நாற்பது வயதிருக்கும். கையில் சின்ன டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி. வண்டியைத் தொடுவதற்கு முன் விரல்மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். உரிமையாளருக்கு அந்த ஆளை அப்போதே பிடித்துவிட்டது.

தங்கச்சி பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே வசதியான நாற்காலி அதுதான் என்பது அவள் கட்சி.

"அம்மா, கொஞ்சம் இறங்கினீங்கன்னா உள்ள பாத்துடுவேன்" என்றார் பரிசோதகர்.

"நானும் இந்த வண்டியோட பழைய பாகம்தான் தம்பி. இருந்துட்டுப் போறேன், பாருங்க."

பரிசோதகர் இரண்டு மணி நேரம் பார்த்தார். குடைக் குழலின் துளைக்குள் ஈர்க்குச்சி விட்டு, மறுபக்கம் வருகிறதா என்று குனிந்து பார்த்தார். வந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு குழந்தைக் களை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் காதை வைத்துக் கேட்டார். பின்கண்ணாடியின் திரையை, டிரைவர் தலைக்கு மேலிருக்கும் கயிற்றால் இறக்கி ஏற்றினார். அந்தப் பின்கண்ணாடி இரண்டு உள்ளங்கை அகலம்தான். திரை விழுந்தால் பின்னால் இருப்பது எதுவும் டிரைவருக்குத் தெரியாது.

கடைசியில் மணிக்கு வந்தார்.

டிரைவரின் காதுக்கு நேராக, தடுப்புச் சட்டத்தில் பொருத்திய எலுமிச்சை அளவு மணி. பளபளக்கும் வெள்ளை. அதிலிருந்து பட்டுக் கயிறு ஒன்று சட்டத்தில் போட்ட துளை வழியாகப் பின்சீட்டுக்குப் போகும். பின்னால் இருப்பவர் கயிற்றை இழுத்தால் முன்னால் 'டிங்' என்று ஒரு சத்தம். விருந்தாளிகளுக்கு வண்டியைக் காட்டும்போது உரிமையாளர் கடைசியாகக் காட்டுவது இதைத்தான். அவருடைய அப்பாவும் அப்படித்தான் காட்டினார். பயணி தயார் என்பதை ஓட்டுநருக்குக் கௌரவமாகத் தெரிவிக்க, தயாரிப்பாளர்களே வெள்ளியில் செய்து வைத்த ஏற்பாடு. பேச்சு முடிந்ததும் அப்பா ஒரு முறை இழுத்துக் காட்டுவார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

பரிசோதகர் டார்ச்சை அணைத்தார். "சார், இது கம்பெனி வெச்சதில்லை."

"வெள்ளி வேலைப்பாடு. உங்க புஸ்தகத்துல விட்டுப்போயிருக்கும்."

"முலாம் சார். திருகாணியோட மரையே வேற. மேல்மூடியக் கழட்டிப் பாக்கலாமா?"

உரிமையாளர் தலையசைத்தார். அனுமதி கொடுத்ததற்குக் காரணம், அது வெள்ளிதான் என்ற நம்பிக்கை. மூடி கழன்றது. உள்பக்கத்தில் முலாம் எட்டாத இடத்தில் சிவப்புப் பெயிண்ட், மணியின் பித்தளை நாக்குக்குப் பக்கத்தில் மஞ்சளில் ஒரு வாத்து.

"குழந்தைங்க ஓட்டுற மூணு சக்கர சைக்கிள் மணி சார்" என்றார் பரிசோதகர், தன் வீட்டில் யாரோ தப்பு செய்துவிட்டதுபோல.

செய்தித்தாள் மடங்கியது. தங்கச்சி எட்டிப் பார்த்தாள்.

"என் வாத்து" என்றாள். "அறுபத்தேழு வருஷமா இதை எவனோ திருடிட்டான்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்."

வாத்து உரிமையாளருக்கும் புதிது. மணி பின்னால் வந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"எதுக்காக வெச்சாங்கன்னு தெரியுமா சார்?"

உரிமையாளர் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி சொல்லிவிட்டாள். "எங்கப்பா எங்கம்மாவ நடுவழியில விட்டுட்டு வந்துட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கலை. அதுக்கப்புறம் அம்மா வெச்சது இது. அவ மணியடிச்சாத்தான் வண்டி நகரணும்."

பரிசோதகர் சிரிக்கலாமா என்று உரிமையாளரின் முகத்தைப் பார்த்தார். கூடாது என்று தெரிந்துகொண்டார்.

"இதைக் கழட்டிட்டா முதல் வகுப்பு சார். மத்ததெல்லாம் அப்படியே இருக்கு, நான் இதுவரைக்கும் பாத்ததுலயே உத்தமமான வண்டி. இருக்கட்டும்னா ரெண்டாம் வகுப்பு, காரணம் எழுதணும். எழுதினது எங்க ஆண்டு மலர்ல அச்சாகும்."

"எல்லாரும் படிப்பாங்களா?"

"சங்கத்துல நானூறு பேர் இருக்காங்க சார்."

நானூறு பேர். அதில் பாதிப்பேர் அப்பாவை அறிந்தவர்களின் பிள்ளைகள். தன் வீட்டில் ஒரு ஊசி இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவர் என்று பெயரெடுத்த மனிதர், மனைவியையும் மகளையும் மறந்துவிட்டு வந்தார் என்று அச்சில் வரவேண்டும். இல்லையென்றால் அம்மாவின் மணியைக் கழற்ற வேண்டும். இதுதான் உரிமையாளரின் பிரச்சினை. கதையில் வேறு பிரச்சினை கிடையாது என்றுதான் மூன்றாம் பகுதியை முடித்தபோது நினைத்தேன்.

4

கட்டத்துக்காக எழுதிப் பார்த்தவை:

'பயணிகளின் வசதிக்காக.' பொய் இல்லை, ஆனாலும் பொய்.

'குடும்பத்தில் ஒருவரின் விருப்பத்துக்காக.' இது துணிக்கடை விளம்பரம்.

'அன்று அப்பா மிகவும் களைத்திருந்ததால்—' களைத்திருக்கவில்லை. நல்ல தெம்போடு பேசிக்கொண்டுதான் வந்தார்.

சரி, அந்த நாளை முழுதாக எழுதிவிட்டு, அதிலிருந்து நான்கு வரி பிழிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்சீட்டில் அப்பாவும் ஒன்பது வயது உரிமையாளரும். பின்சீட்டில் அம்மாவும் ஆறு வயதுத் தங்கச்சியும். மதிய வெயில். பின்னாலிருந்து சூடு அடிக்கிறது என்று அப்பா திரையை இறக்கிவிட்டிருந்தார். வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு குழாயடியில் நிறுத்தினார். அப்பா பானட்டின் இரண்டு பக்கத்தையும் மூடினார், துணியால் கை துடைத்தார், வழக்கப்படி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நான்கு கதவையும் அழுத்திப் பார்த்தார். பின்கதவு ஒன்று லேசாகத் திறந்திருந்தது. அழுத்தி மூடினார். கிளம்பினார்.

அம்மா தங்கச்சியின் காலைக் கழுவிவிடக் குழாயின் மறுபக்கம் போயிருந்தாள்.

கல்யாணத்தில் தங்களை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று அப்பாவுக்குக் கோபம். இருபத்திரண்டு மைலும் அதைப் பற்றியே பின்சீட்டோடு பேசிக்கொண்டு வந்தார். நடுநடுவே, "நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டார். பதில் வராதது அவருக்கு வித்தியாசமாகப் படவில்லை. அன்றுவரை வந்ததுமில்லை.

[நாலு சுத்து.]

உரிமையாளர் அப்போது தூங்கிவிட்டிருந்தார். சின்னப் பையன், கல்யாணச் சாப்பாடு, வெயில். அவர் விழித்திருந்தால் இது நடந்திருக்காது.

[அண்ணா, இந்த ரெண்டு வரிய எடுத்துடு. தூங்கினவன் மூக்கு எப்படிக் கண்ணாடியில அப்பியிருக்கும்? வண்டி கிளம்பினதும் நான் கையாட்டினேன். நீயும் டாட்டா காட்டினே. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அம்மாகிட்டகூட.]

5

இந்த இடத்தில் கதை ஒன்பது நாள் நின்றது.

பென்சிலில் எழுதியதை அழிப்பது சுலபம். ரப்பர் மேஜையிலேயே இருந்தது. உரிமையாளர் ஒரு முறை அதை எடுத்தும் பார்த்தார். வாக்குக் கொடுத்தாயிற்று. வைத்துவிட்டார்.

என் பாத்திரத்தின் மேல் எனக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. அப்பாவின் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நிமிர்ந்து நிற்கிற இந்த மனிதர், உண்மையில் யாருடைய பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்?

மறுபடி எழுதுகிறேன். இந்த முறை திருத்தம் கிடையாது.

அவன் தூங்கவில்லை. வண்டி ஓடும்போது முன்சீட்டில் இருப்பவன் வாயைத் திறக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். அவன் மூக்கைப் பக்கக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு பார்த்தான். குழாய்க்குப் பக்கத்தில் தங்கச்சி ஒரு காலில் நின்று கையாட்டினாள். அம்மா குனிந்திருந்தாள், பார்க்கவில்லை. அவனும் கையாட்டினான். அவனுக்குப் பயமே வரவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. அப்பா விட்டுவிட்டு வருகிறார் என்றால் அதற்கு ஏதோ ஏற்பாடு இருக்கும். இருபத்திரண்டு மைலும் அவன் நிம்மதியாகத்தான் வந்தான்.

வீட்டு வாசலில் அப்பா இறங்கிப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா இறங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வழக்கம். அன்றும் நின்றார். முதலில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் உள்ளே பார்த்தார்.

"அம்மா எங்கடா?"

"குழாய்கிட்ட இருக்காங்கப்பா."

"ஏன் சொல்லலை?"

"வண்டி ஓடும்போது பேசக்கூடாதுன்னு சொன்னீங்க."

அப்பா கதவை மூடினார். அடிப்பார் என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான். அடிக்கவில்லை. வண்டியைத் திருப்பினார். திரும்பும் சைகைக்கு வெளியே வந்த ஆரஞ்சுக் கையை உள்ளே தட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அது இருபத்திரண்டு மைலும் வெளியே நீட்டிக்கொண்டே வந்தது. குழாயடிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரங்கட்டி, அவன் பக்கம் திரும்பினார்.

"அம்மா கேட்டா, நீ தூங்கிட்டே. புரியுதா? நான்தான் பாக்கலை. நீ தூங்கிட்டே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாற்பது வருடம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் மறதிக்காரர் என்று அவரைக் கேலி செய்தபோதெல்லாம் சும்மா இருந்தார். மணிக்கு வெள்ளி முலாம் போட்டு, கம்பெனி வைத்தது என்று ஊருக்குச் சொன்னார். கௌரவத்துக்காகச் சொல்கிறார் என்று உரிமையாளர் நினைத்தார். அந்தக் கௌரவத்தைத் தானும் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்தக் கௌரவத்துக்குள் அப்பா ஒன்பது வயதுப் பையன் ஒருவனை மடித்து வைத்திருந்தார் என்பது இந்தப் பக்கத்தை எழுதும்போதுதான் தெரிகிறது.

[இது எனக்குத் தெரியாது.]

பென்சில் அதற்கு மேல் எழுதவில்லை. பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வாயால் மட்டும் ஒன்று சொன்னாள். "அன்னிக்கி அந்த ஆரஞ்சுக் கை தூரத்துல வர்றதப் பாத்துத்தான் நம்ம வண்டின்னு கண்டுபிடிச்சேன். பெரிய கல்யாண வீட்டுக்காரங்க மாதிரி கையக் காட்டிக்கிட்டே வந்தார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கலை."

"அம்மா சிரிச்சாங்களா?"

"வயித்தப் புடிச்சுக்கிட்டு. அவர் கிட்ட வந்ததும் மூஞ்சியக் கடுகடுன்னு வெச்சுக்கிட்டா."

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்று: உரிமையாளர் மணியைக் கழற்றுகிறார். முதல் வகுப்புச் சான்றிதழ் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. சட்டத்தில் கயிறு போன துளை மட்டும் மிச்சம். விருந்தாளி ஒருவர், "இது என்ன துளை?" என்று கேட்கிறார். உரிமையாளர்—

எழுத முடியவில்லை.

இரண்டு: உரிமையாளர் தங்கச்சியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறார். அவள் கண் கலங்க—

[யாரு, நானா?]

சரி. மூன்றாவது, நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பரிசோதகர் வந்தார். படிவத்தை வாங்கிக்கொண்டு, வண்டி ஓடுவதையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். தங்கச்சி பின்சீட்டில், செய்தித்தாள் இல்லாமல். வாத்து தெரியும்படி மணியின் மூடியை இனிமேல் திருப்பி வைக்கலாமா என்று கேட்டாள். வைக்கக்கூடாது என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு அளவு இருக்கிறது.

பரிசோதகர் ஏழாம் பக்கத்தைப் பிரித்தார். நான்கு வரிக் கட்டத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. வாய்விட்டுப் படித்தார்.

"'பொருத்தியவர்: உரிமையாளரின் அம்மா. காரணம்: ஏறியாகிவிட்டதா என்று யாரும் கேட்காததால்.'" படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "யாரும்னா சார், அப்பாதானே?"

"அப்பா மட்டும் இல்லை. முன்சீட்டுல ரெண்டு பேர் இருந்தோம்."

"அப்படியே அச்சுக்குப் போயிடும் சார்."

"போகட்டும்."

இரண்டாம் வகுப்பு. உரிமையாளர் வாழ்க்கையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'இரண்டாம்' என்ற சொல் வருவது இதுதான் முதல் தடவை. அப்பா இருந்தால் இருபத்திரண்டு மைல் பேசியிருப்பார்.

உரிமையாளர் சாவியைத் திருப்பினார். என்ஜின் எழுந்தது. கால் நடுப்பெடலின் மேல் காத்திருந்தது. மணி அடிக்க வேண்டும். அடித்தால்தான் கிளம்புவது வழக்கம். அடிக்கவில்லை. தங்கச்சி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள் என்பது பார்க்காமலே தெரிந்தது. அவளைத் தெரியாதா. பரிசோதகர் ஒரு முறை தொண்டையைக் கனைத்தார்.

இந்த வண்டியை ஓட்டும்போது பின்னால் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கழுத்துப் பொத்தான் போட்டிருந்தால் திரும்புவதும் கஷ்டம். உரிமையாளர் பொத்தானைக் கழற்றினார். ஒரு கையைச் சீட்டின் முதுகில் போட்டு, உடம்பை முழுசாகத் திருப்பி, கம்பளிச் சீட்டை நேராகப் பார்த்தார். கண்ணாடித் தடுப்பு பாதி ஏறியிருந்தது.

"ஏறியாச்சா?" என்று கேட்டேன்.

மணி அடித்ததா, கண்ணாடி இறங்கியதா, இன்னும் இரண்டு சுற்று ஏறியதா என்பதை நான் எழுதப்போவதில்லை. கயிறும் கைப்பிடியும் பின்சீட்டில்தான் இருக்கின்றன. இரண்டும் என் கைக்கு எட்டாது.